முழங்கையைத் தூக்கு!

வசந்த காலம் வந்துவிட்டால் போதும். அமெரிக்காவில் எந்தச் சின்ன ஊரின் லிட்டில் லீக் மைதானத்துக்குப் போனாலும் சனிக்கிழமை காலையில் சில சத்தங்கள் கட்டாயம் காதில் விழும். "முழங்கையைத் தூக்கு!" "பந்தைப் பார்!" "பின்காலைத் திருப்பு!" "மட்டையைக் கீழ்நோக்கி வீசு!" கத்துவது பயிற்சியாளர் மட்டும் இல்லை. அப்பா, மாமா, பெஞ்சில் உட்கார்ந்து காபி குடிக்கும் யாரோ ஒரு பையனின் தாத்தா என்று ஆளுக்கு ஒன்று. நடுவில் தலையைவிடப் பெரிய ஹெல்மெட்டோடு ஒரு பத்து வயதுப் பையன். பந்து வருகிறது. பையன் சொன்னபடியே முழங்கையைத் தூக்குகிறான். பந்து போய்விட்டது.

இந்தக் கட்டுரை அந்தப் பையன் கட்சி.

பெரியவர்கள் சும்மா இருந்தால் பையனின் ஸ்விங் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. அது சோம்பேறித்தனம். பெரியவருக்கு வேலை இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அதில் முக்கால்வாசி வாயால் செய்கிற வேலை இல்லை. எந்தப் பந்தை, எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த வேகத்தில், எந்த வரிசையில் போடுவது என்று தீர்மானிக்கிற வேலை. பையனுக்கு ஸ்விங்கைக் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் அந்தப் பந்துதான்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரிக்கெட் மாதிரி பந்து தரையில் குத்தி எழாது, நேராக வரும். மட்டை தட்டை கிடையாது, உருளை. உருண்டையான பந்தை உருளையான மட்டையால் அடிக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் கீழே பட்டால் பந்து வானத்துக்கு ஏறி யார் கையிலாவது விழும், கொஞ்சம் மேலே பட்டால் தரையில் உருளும். பெரியவர்கள் ஆட்டத்தில் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், நிற்கும் இடம் 60 அடி 6 அங்குலம் தள்ளி. 90 மைல் வேகத்தில் வீசினால் பந்து வந்துசேர ஏறக்குறைய 0.4 விநாடி. மட்டை சுழன்று வரவே அதில் 0.15 விநாடி போய்விடும். மிச்சமிருக்கிற கால் விநாடியில்தான் இது என்ன பந்து, எங்கே வருகிறது, அடிப்பதா விடுவதா என்ற முடிவெல்லாம். 12 வயது வரையிலான பையன்களுக்கு லிட்டில் லீக்கில் அந்தத் தூரம் 46 அடி. வேகமாக வீசும் பையன் 50 மைலில் வீசினால் 0.6 விநாடிக்குள் பந்து வந்துவிடும். "முழங்கையைத் தூக்கு" என்று சொல்லி முடிப்பதற்கே அதைவிட நேரம் ஆகும் :)

சரி, சொல்கிற அறிவுரையாவது சரியா என்று பார்த்தால் அதுவும் சந்தேகம்தான். முழங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது பின்முழங்கை எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், நன்றாக அடிக்கிற யாருக்கும் ஸ்விங் தொடங்கியதும் அது கீழிறங்கி விலா எலும்பு ஓரமாக வந்துவிடும். எப்படியும் இறங்கப்போகிற முழங்கைக்கு இத்தனை கூச்சல்.

"பந்தைக் கடைசிவரை பார்" என்பது அடுத்தது. 1984-ல் டெர்ரி பாஹில், டாம் லாரிட்ஸ் என்ற இரண்டு பேர் அடிப்பவர்களின் கண்ணசைவை அளந்து பார்த்தார்கள். மட்டையில் படும்வரை பந்தைக் கண்ணால் பின்தொடர யாராலும் முடியவில்லை. தொழில்முறை ஆட்டக்காரர் மற்றவர்களைவிட அதிக தூரம் தொடர்ந்தார், அவ்வளவுதான். கடைசிச் சில அடிகளில் அவர் கண்ணும் பின்தங்கிவிட்டது. பந்தைப் பார்க்கச் சொல்வது தப்பில்லை. முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடம் பந்து பிட்சரின் கையை விட்டுக் கிளம்பும் இடம் என்பதை யாரும் சொல்வதில்லை, அதுதான் குறை.

"கீழ்நோக்கி வீசு" என்பதுதான் இருப்பதிலேயே மோசம். பிட்சர் மேட்டின் மேல் நின்று வீசுகிறார், பந்து சற்றே இறங்கிக்கொண்டுதான் வருகிறது. இறங்கி வருகிற பந்தின் பாதையில் மட்டை கொஞ்ச தூரமாவது கூடவே போக வேண்டுமென்றால் மட்டை லேசாக மேல்நோக்கித்தான் போக வேண்டும். இதை டெட் வில்லியம்ஸ் பல பத்தாண்டுகளுக்கு முன்பே 'தி சயின்ஸ் ஆஃப் ஹிட்டிங்' புத்தகத்தில் படம் போட்டு விளக்கிவிட்டார். 1941-ல் .406 அடித்தவர், அதாவது கணக்கில் வரும் ஆயிரம் வாய்ப்புக்கு 406 ஹிட். அவர் சொன்னால் கேட்கலாம். ஆனாலும் கீழ்நோக்கி வெட்டச் சொல்லும் குரல் மைதானத்தை விட்டுப் போகவில்லை.

அதே புத்தகத்தில் இன்னொரு படம், பேஸ்பால் உலகில் ரொம்பப் பிரபலம். அடிக்கத்தக்க பரப்பை 77 பந்துகளால் நிரப்பி, எந்த இடத்தில் வரும் பந்தைத் தன்னால் எந்தச் சராசரியில் அடிக்க முடியும் என்று ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கிறார். நடுவில் .400. வெளிப்பக்கத்துக் கீழ் மூலையில் .230. ஆள் அதே ஆள், ஸ்விங் அதே ஸ்விங். பந்து வருகிற இடம் மாறினால் மேதை சாதாரண ஆளாகிவிடுகிறார். பையனின் ஸ்விங் அசிங்கமாக இருக்கிறது என்று கவலைப்படும் அப்பா முதலில் பார்க்க வேண்டியது, பையன் எந்தப் பந்துக்கு வீசுகிறான் என்பதை. கண் உயரத்துக்கு வருகிற பந்தைத் துரத்தினால் யார் ஸ்விங்கும் அசிங்கமாகத்தான் இருக்கும்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். அடிப்படை தெரியாத பிள்ளைக்குச் சொல்லாமல் எப்படி வரும்? நியாயமான கேள்வி. ராப் கிரே என்ற ஆய்வாளர் 2004-ல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்குப் பாதி பதில் சொல்கிறது. திரையில் வரும் பந்தைக் கையில் மட்டையோடு நின்று அடிக்க வேண்டும். நடுவில் ஓர் ஓசை கேட்கும். அந்தக் கணத்தில் மட்டை மேலே போகிறதா, கீழே போகிறதா என்று சொல்ல வேண்டும். கல்லூரி அணி ஆட்டக்காரர்களுக்கு அடி கெட்டுப்போனது. புதிதாக ஆடுபவர்களுக்கு அப்படிக் கெடவில்லை. மட்டையை விட்டுவிட்டு, கேட்ட ஓசை உயர்ந்ததா தாழ்ந்ததா என்று மட்டும் சொல்லச் சொன்னபோது நேர்மாறு. தேர்ந்தவர்கள் அலட்டிக்கொள்ளவில்லை, புதியவர்கள் தடுமாறினார்கள்.

ஆக, மட்டையையே பிடிக்கத் தெரியாத ஆறு வயதுக் குழந்தைக்கு எங்கே பிடிப்பது, எப்படி நிற்பது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஹாங்க் ஆரன் சிறுவனாக இருந்தபோது அலபாமாவின் மொபைல் நகரில் கைகளை மாற்றிப் பிடித்தே ஆடிக்கொண்டிருந்தார். வலது கைக்காரர், ஆனால் மேலே இருந்தது இடது கை. தொழில்முறை ஆட்டத்தின் வாசல்வரை அப்படித்தான் வந்தார். பிறகு பிடியை மாற்றிக்கொண்டார், 755 ஹோம் ரன் அடித்தார். அந்தத் திருத்தத்தை யாரும் குறை சொல்ல முடியாது. சொல்ல ஒரு நொடி போதும், சரியா தப்பா என்பதில் விவாதம் கிடையாது, சொன்னதும் முடிந்தது. அந்தப் பொதுப் பிடியைத் தாண்டி, மூன்று நான்கு வருஷம் ஆடிப் பழகிய பன்னிரண்டு வயதுப் பையனின் இடுப்பையும் மணிக்கட்டையும் தோளையும் தனித்தனியாகக் கழற்றி மாட்டுவதுதான் சிக்கல். ஓசை கேட்டபோது தடுமாறிய கல்லூரி ஆட்டக்காரனின் நிலைமைக்கு அவனை நாமே தள்ளிவிடுகிறோம்.

ஜப்பானுக்குப் போனால் இந்த விஷயம் இன்னும் தெளிவாகத் தெரியும். சடஹாரு ஓ சிறுவனாக இருந்தபோது இடது கையால் பந்து வீசுவார், ஆனால் வலது பக்கம் நின்று அடிப்பார். 1954-ல் டோக்கியோவின் சுமிடா பூங்காவில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்ததை ஹிரோஷி அரகாவா என்ற தொழில்முறை ஆட்டக்காரர் அந்த வழியாகப் போகும்போது நின்று பார்த்தார். இடது பக்கம் நின்று அடித்துப் பாரேன் என்று ஒரே ஒரு யோசனை சொன்னார். ஓ மாறி நின்றார், பந்து பறந்தது. அவ்வளவுதான் அன்றைய பயிற்சி.

அதே ஓ 1959-ல் யோமியுரி ஜயன்ட்ஸ் அணிக்கு வந்து முதல் வருஷம் அடித்தது .161. அதற்குப் பிந்தைய வருஷங்களிலும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. 1962-ல் அதே அரகாவா அந்த அணிக்கு பேட்டிங் பயிற்சியாளராக வருகிறார். ஓவின் சிக்கல் நேரம். மட்டை தாமதமாக வந்தது. அரகாவா அதற்கு உடற்கூறு வகுப்பு எடுக்கவில்லை. முன்காலைத் தூக்கி ஒற்றைக் காலில் நில் என்றார். ஒற்றைக் காலில் நிற்பவனால் அநாவசியமாக ஆடவும் முடியாது, தூங்கவும் முடியாது. 1962 ஜூலை 1 அன்று முதல்முறையாக அப்படி நின்று ஆடி அன்றைக்கே ஹோம் ரன் அடித்தார். அந்த வருஷம் மொத்தம் 38. 1980-ல் ஓய்வு பெறும்போது 868.

வாள் கதையும் இங்கேதான் வருகிறது. அரகாவா ஓவின் கையில் ஜப்பானிய வாளைக் கொடுத்து, மேலிருந்து தொங்கவிட்ட காகிதத்தை வெட்டச் சொல்வார். பலரும் இதை ஏதோ ஜென் மர்மம் மாதிரி எழுதுகிறார்கள். மர்மத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், அது ரொம்பப் புத்திசாலித்தனமான பயிற்சிக் கருவி. வாளின் கோணம் கொஞ்சம் பிசகினாலும் காகிதம் வெட்டுப்படாது, ஒதுங்கிவிடும். பயிற்சியாளர் வாயே திறக்க வேண்டாம், காகிதம் சொல்லிவிடும். ராப் கிரே 2007-ல் இன்னொருவரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்விலும் இதற்குப் பக்கத்தில்தான் வந்து நின்றார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் கவனத்தைக் கையிலோ மட்டையிலோ வைத்தபோதைவிட, மட்டையை விட்டுப் போகும் பந்தின் மேல் வைத்தபோது நன்றாக அடித்தார்கள்.

இச்சிரோவின் கதையில் கசப்பும் இருக்கிறது. ஓரிக்ஸ் அணியில் அவர் சேர்ந்த புதிதில் ஊசல் மாதிரி காலை ஆட்டி அடிக்கும் அவருடைய ஸ்விங்கை மேலாளர் ஷோசோ டோய்க்குப் பிடிக்கவில்லை. 1992, 93 இரண்டு வருஷமும் பெரும்பகுதி இரண்டாம் அணியில் கழிந்தது. 1994-ல் மேலாளராக வந்த அகிரா ஓகி, இருக்கிறபடியே ஆடட்டும் என்று விட்டார். 130 ஆட்டத்தில் 210 ஹிட். ஒரு பருவத்தில் 200-ஐத் தாண்டியது ஜப்பானில் அதுதான் முதல்முறை. இது எல்லோரும் சொல்கிற பாதி. மறுபாதி, ஏழு வயது வாக்கில் தொடங்கி அப்பா தினமும் நடத்திய பயிற்சி. அந்த உழைப்பு இல்லாமல் இச்சிரோ இல்லை என்பார்கள், இருக்கலாம். ஆனால் அது கிட்டத்தட்ட கொடுமைப்படுத்துவது போலத்தான் இருந்தது, ரொம்பக் கஷ்டப்பட்டேன் என்ற பொருளில் பின்னாளில் இச்சிரோவே சொல்லியிருக்கிறார். இச்சிரோ ஆன பையனே அப்படிச் சொல்கிறார் என்றால், அதே மாதிரி வளர்க்கப்பட்டு இச்சிரோ ஆகாத பையன்கள் என்ன சொல்வார்கள்? அவர்களிடம் யாரும் பேட்டி எடுப்பதில்லை.

இத்தனையும் தெரிந்தும் கூச்சல் ஏன் குறையவில்லை? காமர்ஸ் பாடத்தில் முதல் வருஷமே சொல்லித்தருகிற விஷயம்தான் காரணம். அமெரிக்காவில் பேட்டிங் பாடம் அரை மணிக்கு இவ்வளவு என்று விற்கிற சரக்கு. காசு கொடுக்கும் அப்பா வலைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பயிற்சியாளர் பேசாமல் வாளி வாளியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தால் அப்பாவுக்கு என்ன தோன்றும்? 'இதை நானே செய்திருப்பேனே' என்று தோன்றும். அதனால் ஏதாவது திருத்தியாக வேண்டும், திருத்துவது வெளியே தெரிய வேண்டும். 'உங்கள் பையனின் ஸ்விங் நன்றாகத்தான் இருக்கிறது, ரெண்டு வருஷம் விட்டுவிடுங்கள்' என்று சொல்லும் நல்ல மனுஷனுக்கு அடுத்த வாரம் வாடிக்கையாளர் கிடையாது. முந்நூறு டாலரைத் தாண்டும் மட்டை, மட்டையின் அடியில் பொருத்தி கோணத்தையும் வேகத்தையும் போனுக்கு அனுப்பும் சென்ஸார் எல்லாமே இதே கடைத்தெருதான். சென்ஸார் பொய் சொல்வதில்லை. ஆனால் பத்து வயதுப் பையன் பந்தை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறான்.

ஸ்விங்கை அடியோடு மாற்றி ஜெயித்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஜே.டி. மார்ட்டினெஸை 2014 மார்ச்சில் ஹூஸ்டன் அணி வேண்டாம் என்று வெளியே அனுப்பியது. அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே அவர் தனிப் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து ஸ்விங்கை மாற்றியிருந்தார். டெட்ராய்ட் எடுத்துக்கொண்டது. அந்த வருஷம் .315, 2017-ல் 45 ஹோம் ரன். இந்தக் கதையைக் கேட்ட அப்பாக்கள் பையனையும் அதே மாதிரி மாற்றக் கிளம்பிவிட்டார்கள். ஆனால் மார்ட்டினெஸுக்கு அப்போது 26 வயது. வீடியோவில் தன் ஸ்விங்கையும் நன்றாக அடிப்பவர்களின் ஸ்விங்கையும் தானே ஒப்பிட்டுப் பார்த்து, தானே ஆள் தேடிப் போனவர். வேலை போகும் நிலையில் இருந்தவர். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு இதில் எதுவும் பொருந்தாது.

பையனுக்குப் பொருந்துவது வேறு. முதலில் பயம். பந்து வரும்போது முன்காலைப் பக்கவாட்டில் வைத்து விலகுகிற பையனைப் பார்த்து 'காலை நேரே வை' என்று கத்துகிறார்கள். கால் என்ன செய்யும்? 140 கிராமுக்கு மேல் எடையுள்ள கெட்டிப் பந்து உடம்பை நோக்கி வருகிறது, மூளை விலகச் சொல்கிறது. டென்னிஸ் பந்தை எடுத்து, பந்து மேலே வந்தால் முகத்தையும் மார்பையும் காட்டாமல் முதுகைத் திருப்பி வாங்கிக்கொள்ளப் பழக்கினால், பயம் குறையக் குறையக் கால் தன் இடத்துக்கு வரும். அடுத்தது மட்டையின் எடை. அண்ணனின் மட்டை கனம் தாங்காமல் தோளை இழுத்துக்கொண்டு போவதை 'ஸ்விங் கோளாறு' என்று பெயர் வைத்து அதற்குப் பாடம் எடுக்கிறார்கள். கொஞ்சம் இலேசான மட்டையைக் கொடுத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம்.

மூன்றாவதும் முக்கியமானதும், பந்து போடும் வரிசை. கலிபோர்னியாவில் ஒரு கல்லூரி அணியில் நடந்து 1994-ல் வெளியான ஆய்வு இது. வழக்கமான பயிற்சிக்கு மேல் வாரம் இரண்டு நாள், தலா 45 பந்து, ஆறு வாரம். ஒரு கூட்டத்துக்கு 15 வேகப்பந்து, அப்புறம் 15 வளைபந்து, அப்புறம் 15 மெதுபந்து என்று வரிசையாக. இன்னொரு கூட்டத்துக்கு அதே 45-ஐ முன்னறிவிப்பில்லாமல் கலந்துகட்டி. பயிற்சியின்போது பார்த்தால் வரிசையாக ஆடிய கூட்டம் பிரமாதமாக அடித்துக்கொண்டிருக்கும், கலந்தடித்தவர்கள் திணறிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் எல்லோருக்கும் கலந்து போட்டுச் சோதித்தபோது கலந்து ஆடியவர்கள் 57 சதவீதம் முன்னேறியிருந்தார்கள், வரிசையாக ஆடியவர்கள் 25 சதவீதம். கூடுதல் பயிற்சியே இல்லாதவர்கள் 6. ஆட்டத்தில் எந்தப் பிட்சரும் 'அடுத்தது வளைபந்து' என்று சொல்லிவிட்டு வீசுவதில்லையே!

பின்னால் நின்று பார்க்கும் அப்பாவுக்குப் பிடிக்காத பயிற்சி இது. பையன் தவறவிடுவதுதான் கண்ணில் படும். அதைப் பொறுத்துக்கொண்டு, பக்கத்திலிருந்து மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று, உயரமாக ஒன்று, அடிக்கவே கூடாததாக ஒன்று என்று போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பந்தை டீயில் வைத்து அடிப்பதைக் கேவலமாக நினைக்க வேண்டாம், தொழில்முறை ஆட்டக்காரர்களும் தினமும் செய்கிறார்கள். ஆனால் டீயில் இருக்கும் பந்து நின்றுகொண்டிருக்கிறது. பையனின் தொல்லை பெரும்பாலும் நேரத்தில். ஏதாவது சொல்லியே தீர வேண்டுமென்றால் பந்து போக வேண்டிய இடத்தைச் சொல்லலாம். 'அந்தக் கம்பத்துக்கு அடி.' 'பிட்சர் தலைக்கு மேலே அனுப்பு.' ஒரு நாளைக்கு ஒன்று. இடுப்பும் முழங்கையும் அதற்கு வேண்டியதைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். நன்றாக ஓர் அடி விழுந்தால் 'இப்ப எப்படி இருந்தது?' என்று அவனையே கேட்கலாம். பதில் விசித்திரமாக இருக்கும், உடற்கூறுக்குச் சம்பந்தமே இருக்காது. அந்த விசித்திரமான வார்த்தையைத்தான் அடுத்த வாரமும் அவனிடம் பயன்படுத்த வேண்டும்.

ஆட்டம் நடக்கும் நாளில் எதுவுமே வேண்டாம். மூன்று முறை அவுட் ஆகிவிட்டுக் காரில் ஏறுகிற பையனுக்கு வீடு போய்ச்சேரும்வரை ஸ்விங் பாடம் நடத்தும் வழக்கம் ஒன்று உண்டு. அவன் ஓடிப்போக முடியாத இடம் என்பதால் அப்பாக்களுக்கு ரொம்பச் சௌகரியம். அந்த இருபது நிமிஷம் ஐஸ்கிரீமைப் பற்றிப் பேசலாம். மறுநாள் சாயங்காலம் அவனாக மட்டையை எடுத்துக்கொண்டு வந்து நின்றால் வாளியில் பந்தை நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வராவிட்டால் அன்றைக்கு வேண்டாம், வாளி எங்கேயும் போய்விடாது.